திங்கட்கிழமை தொடங்கிய வலி

மார்ச் 9, ஞாயிறு
குழந்தைகள் வார்டு

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு நன்றாக இருக்கிறாள். கடிதத்தைப் பிரித்ததும் நீ அதைத்தான் தேடுவாய் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். காலையில் அரை டம்ளர் பால் குடித்தாள். வயிற்றில் மூன்று பிளாஸ்திரி: தொப்புளில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, இடப்பக்கம் ஒன்று. "குடல்வால் வலது பக்கம்தானே இருந்துச்சு, இடது பக்கம் எதுக்கு ஓட்டை? டாக்டருக்கு வழி தெரியலையா?" என்று நர்ஸிடமே கேட்டுவிட்டாள். நம் கடைக்குட்டிக்கு ஏழு வயதில் இந்த வாய். எனக்கு வராமல் போனதெல்லாம் சேர்த்து இவளுக்கு வந்திருக்கிறது.

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கிழித்துச் செய்யாமல் துளை போட்டே செய்யச் சொல்லி நீ போனில் டாக்டரிடம் பேசியிராவிட்டால் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பாளா என்று தெரியவில்லை. வியாழக்கிழமை காலை என் நிலைமை உனக்குத் தெரியாது. வாண்டு வயிறு பலகை மாதிரி இருந்தது, உடம்பு கொதித்தது. அவசரப் பிரிவில் டாக்டர் என்னைப் பார்த்து "என்னம்மா ஆச்சு?" என்றார். நான் வார்த்தை வராமல் தரையைப் பார்த்தேன். பள்ளியில் எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்வார்களே, அது மாதிரி. உன் ஆபரேஷன் தியேட்டர் போன் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினேன். அவர் உன்னோடு பேசினார். நீ ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. சின்ன வயதிலிருந்து ரேஷன் கடையில், பஸ்ஸில், பள்ளியில் எனக்குப் பதிலாக நீ பேசுவாய், நான் பக்கத்தில் நிற்பேன். இத்தனை தூரத்திலிருந்தும் நீயே பேசினாய்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். டாக்டர் போனைக் காதில் வைத்தபடியே எழுதிக்கொண்டார். "நேத்து சாயங்காலம் ஆரம்பிச்ச வலி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆனால் அக்கா, வலி தொடங்கியது திங்கள் சாயங்காலம். செவ்வாய் காலை, நான் பட்டன் தைத்துக் கொடுக்கும் கீழே உள்ள தையல் கடையிலிருந்து உனக்குப் போன் செய்தேன். "வாயுவா இருக்கும், மாத்திரை குடு" என்றாய். புதன் மத்தியானம் மறுபடி செய்தேன். அவள் வலது காலை நீட்ட மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். "நீ பயந்தாங்கொள்ளி. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாய். அன்று சாயங்காலம் வலி சட்டென்று நின்றுவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். அது வெடித்ததால் நின்றது என்று இப்போதுதான் தெரிகிறது.

டாக்டர் "இப்பதான் வெடிச்சிருக்கு போல, நல்லவேளை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? எழுது.

அம்மாவுக்கு நீயே தகவல் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். தொழிற்சாலையில் ஞாயிறு மட்டும்தான் போன் என்பதால் உடனே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாமல் பயந்திருப்பாள். அவள் மீன் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கிறதா? "சின்னவளைச் சித்தி வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றாள். நான்தான் "வேண்டாம், பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு நான் பார்த்துக்கறேன்" என்றேன். அம்மாவிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். "அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா சித்தி வீடுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அதனால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன் தங்கை


மார்ச் 13

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "டாக்டருக்கு வழி தெரியலையா" என்ற இடத்தில் எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். வாண்டிடம் சொல்: இடப்பக்கத்து ஓட்டை கருவி போவதற்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பிடித்தால்தான் பிடி கிடைக்கும். நான் தினமும் அந்தக் கருவிகளை எடுத்துக் கொடுக்கிறவள், எனக்குத் தெரியாதா?

கிழித்துச் செய்யும் பிள்ளைகளுக்குத் தையல் ஓரத்தில் சீழ் பிடித்து நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியாது. துளையில் அந்தத் தொல்லை குறைவு. மூன்று பொட்டு, அவ்வளவுதான். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் பேசும்போது வயிற்றில் கோடு இருக்காது. அடியே, சிரிக்காதே. அக்காள் என்றால் அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டும்.

திங்களா புதனா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காதே. உள்ளே கேமரா விட்டுக் கண்ணால் பார்த்தவருக்குக் கிழமை எதற்கு? மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம் என்று சொன்னால் திட்டுவார்கள். நீ அங்கேயே அழுது விழுந்திருப்பாய். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன். போய் உன் பட்டனைத் தை.

காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே கொண்டுபோய்க் காட்டு. அதற்காவது வாயைத் திற. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு வரும் என்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா


மார்ச் 19
மறுபடி வார்டு

அக்கா,

வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. ஐந்து சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா போட வேண்டியிருந்தது, அப்படியே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் நடுங்கினாள். உட்கார வலிக்கிறது என்றாள். அடிக்கடி வெளிக்குப் போக வேண்டும் என்றாள், போனால் சளி மாதிரி கொஞ்சம்தான் வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக் குழிக்குள் சீழ் கட்டியிருக்கிறதாம், எலுமிச்சம்பழம் அளவு. திங்கட்கிழமை மயக்க மருந்து கொடுத்து ஒரு குழாய் வைத்தார்கள். அது ஒரு பையில் வடிகிறது. அந்தப் பையை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுகிறார்கள். எனக்கு அளக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்றம் என் தலைமுடியில்கூட இருக்கிறது.

வாண்டு பேசுவதில்லை அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாள், என்னைப் போல.

பக்கத்துப் படுக்கையில் ஒரு ஒன்பது வயதுப் பெண். அவளுக்கும் குடல்வால்தான், ஆனால் கிழித்துச் செய்தது. தையல் ஓரம் சிவந்து சீழ் பிடித்து, இரண்டு தையலைப் பிரித்துவிட்டு தினமும் துணி வைத்துக் கட்டுகிறார்கள். கட்டும்போது வார்டே கேட்கிற மாதிரி கத்துகிறாள். அவள் அம்மா ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள், குரல் இடி மாதிரி.

"உன் தங்கச்சிக்கு மூணு ஓட்டை, என் மகளுக்கு ஒரு கிழிசல்," என்றாள் நேற்று. "உனக்கு உள்ளே பொங்குது, எனக்கு வெளியே பொங்குது. ரெண்டு பேரும் ஒரே அடுப்புலதான் உக்காந்திருக்கோம், பொண்ணே."

நான் சிரித்துவிட்டேன். அவள் உடனே, "அட, பல்லு இருக்கு! நாலு நாளா ஊமைன்னுல்ல நெனச்சேன். எம்மக கிட்ட ஜாடையிலதான் பேசணும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். அவள் மகளும் அதை நம்பி இரண்டு நாளாக என்னிடம் கையைக் காட்டித்தான் தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

முக்கியமானது இதுதான். குழாய் வைத்த பிறகு டாக்டர் என்னிடம் வந்தார். பழைய தாளைப் புரட்டினார். "ஒரு நாள் வலியிலேயே கூட்டிட்டு வந்துட்டீங்கதானே? அதுக்குள்ள இவ்வளவு எப்படி?" என்றார். தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டார். என் கழுத்து தானாக ஆடியது. இரண்டாம் தடவை.

அவருக்கு உண்மை தெரிந்திருந்தால் மருந்தை இன்னும் சில நாள் ஏற்றியிருப்பாரா? வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்திருப்பாரா? நீதான் நர்ஸ். நீ சொல். இந்த முறை வேடிக்கையாக எழுதாதே.

தங்கை


மார்ச் 23

தங்கச்சிக்கு,

கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. தியேட்டரில் ஒரு கத்திரியைக் கீழே போட்டுவிட்டேன், எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் எங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டேன், யாருக்கோ என்று சொல்லி. வெடித்த குடல்வாலுக்குத் துளை போட்டுச் செய்தால் சீழ் உள்ளே தங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்களாம். கழுவுகிற தண்ணீரோடு மூலைமுடுக்கெல்லாம் பரவிவிடுமாம். வெடித்திருப்பதைப் பார்த்த உடனே வாண்டின் டாக்டர் கருவியை எடுத்துவிட்டு, கிழித்துத் திறந்து, கையாலேயே துடைத்திருக்க வேண்டும். தவறு அங்கேதான். நான் துளை போடச் சொன்னேன் என்றால், வெடிக்காமல் இருந்தால் என்று அர்த்தம். அவருக்கு அது தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால் எதற்கு டாக்டர்?

அதனால் கிழமையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. திங்களோ புதனோ, எந்த வழியாகச் செய்தார்கள் என்பதுதான் காரியம். யார் கேட்டாலும் "துளை போட்டதால் வந்தது" என்று சொல். நானும் அப்படித்தான் சொல்கிறேன். அம்மாவிடம் எல்லாம் விளக்கி எழுதிவிட்டேன். நீ எழுத வேண்டாம், நீ எழுதினால் அவளைப் பயமுறுத்திவிடுவாய்.

பையில் வடிவது குறைந்து, நிறம் தெளிந்தால் நல்ல அறிகுறி. காய்ச்சல் தாளை நீயே பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வாண்டு வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. குழாயை எடுத்துவிட்டார்கள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் பேச்சு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் துளைகளைக் காட்டி, "மூணு டாக்டர் போட்டது, நாலாவது நான் கேட்டு வாங்கினது" என்று பீற்றிக்கொள்கிறாள்.

இன்று அம்மாவின் கடிதம் வந்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். நீயும் படி.

"மூன்று நாள் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். நீ யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை காலையில்தான் பெரியவளிடம் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கிருந்தே காப்பாற்றியிருப்பேன் என்று அவள் அழுது எழுதியிருக்கிறாள். உன்மேல் கோபப்படாதே, அவள் சுபாவம் அப்படி என்று உனக்காகக் கெஞ்சியும் இருக்கிறாள். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பேசத் தெரியாத பிள்ளையிடம் ஒரு பிள்ளையை விட்டு வைத்தது என் தப்பு. மே முதல் வாரம் சித்தி வந்து சின்னவளைக் கூட்டிக்கொண்டு போவாள். துணிமணிகளை எடுத்து வை."

நான் இதை ஐந்து தடவை படித்தேன். முதலில் அம்மா தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அக்கா அப்படி எழுதியிருக்க மாட்டாள் என்று அடுப்படியில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் "உன்மேல் கோபப்படாதே, அவள் சுபாவம் அப்படி" என்பதைக் கவனித்தேன். அது உன் வார்த்தை. சித்தியிடமும் டீச்சரிடமும் அதையே சொல்லித்தான் நீ என்னைக் காப்பாற்றுவாய்.

டாக்டரிடம் புதன் என்றாய். அம்மாவிடம் திங்கள் என்கிறாய். டாக்டரிடம் சொன்னது என் நன்மைக்கு என்றாய். அம்மாவிடம் சொன்னது யார் நன்மைக்கு? செவ்வாய் காலை தையல் கடையில் பதினோரு பேர் மிஷினை நிறுத்திவிட்டு நான் போனில் பேசுவதை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வியர்த்து நனைந்துவிட்டது. அப்படியும் பேசினேன். புதன்கிழமையும் பேசினேன். என் வாழ்க்கையில் நான் அடுத்தடுத்து இரண்டு நாள் வாயைத் திறந்தது அப்போதுதான். அதையா நீ இல்லை என்று ஆக்கினாய்?

வாண்டை அனுப்பினால் இந்த வீட்டில் நான் எதற்கு? படிப்பை விட்டது அவளுக்காக. சித்தி நல்லவள்தான். ஆனால் போன தடவை பத்து நாள் இருந்துவிட்டு வந்தவள் ஒரு மாதம் படுக்கையை நனைத்தாள்.

அம்மாவுக்கு உண்மையை எழுது. நீதான் எழுத வேண்டும். நான் எழுதினால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைப்பாள். உன்னைத்தான் அவள் நம்புகிறாள்.


ஏப்ரல் 6

தங்கச்சி,

கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். சரி.

நீ போன் செய்தாய். நான் மறுக்கவில்லை. ஆனால் நீ போனில் எப்படிப் பேசுவாய் என்று உனக்கே தெரியும். "வாண்டுக்கு... வயிறு... கொஞ்சம்..." என்று இழுத்தாய். பின்னால் மிஷின் சத்தம். எனக்கு அன்று வரிசையாக ஏழு ஆபரேஷன். காலை நீட்ட மாட்டேன் என்கிறாள் என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது எழுதுகிறேன், போதுமா? முதல் வருஷப் பாடம் அது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். சொந்தத் தங்கை சொல்லும்போது வாயு என்றேன். ஏனென்றால் சொன்னது நீ. நீ எலியைப் பார்த்தாலும் புலி என்பவள்.

வியாழக்கிழமை அந்த டாக்டர் "எப்பயிருந்து வலி?" என்று கேட்டபோது, நானும் ஒரு நர்ஸ், தியேட்டரில் வேலை என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் என்று எப்படிச் சொல்வேன்? வாயில் புதன் என்று வந்துவிட்டது. வந்ததைத் திரும்பி எடுக்க முடியவில்லை. அம்மாவிடமும் அப்படித்தான். "நீ இருந்துமா இப்படி ஆச்சு?" என்று கேட்டாள். என் படிப்புக்காக அவள் அந்த ஐஸ் அறையில் நின்று நின்று விரலெல்லாம் வெடித்திருக்கிறது. அவள் ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாள். என்னால் முடியவில்லை.

யோசித்துப் பார். உத்தரவு வருகிற மாதம் இது. உனக்கென்ன போகப்போகிறது? நீ வீட்டில் இருக்கிறவள். யாரும் உன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு திட்டு, ஒரு வாரம், மறந்துவிடுவார்கள். எனக்கு அப்படியில்லை.

இருந்தாலும் அம்மாவுக்கு எழுதுகிறேன். சத்தியம். நீ எதுவும் எழுதாமல் இரு.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

"உனக்கென்ன போகப்போகிறது" என்று கேட்டிருந்தாய். வாண்டு போகப்போகிறாள்.

"யாரும் உன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை" என்பதையும் படித்தேன். காலை ஆறரைக்கு ஒருத்தி பால் எதிர்பார்க்கிறாள். ஏழேகாலுக்குப் பின்னல். இப்போது மூன்று வேளை மாத்திரை. அதில் ஒன்று கசக்கும் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். நானும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

எழுதுகிறேன் என்றாய். நம்புகிறேன். உன் கடிதம் அம்மாவுக்குப் போய்ச் சேர ஆறு நாள். சித்தி நேற்றே ஆள் அனுப்பி வாண்டின் செருப்பு அளவு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அளவெடுத்தபோது வாண்டு, "செருப்பு எனக்கு ஒண்ணு போதும், சித்தி ஒண்ணு வெச்சுக்கட்டும்" என்றாள். அது பரிசு என்று நினைக்கிறாள். அனுப்பப்போகிறார்கள் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.


ஏப்ரல் 16

எழுதிவிட்டேன். நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். இனி இதைப் பற்றி நச்சரிக்காதே. வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

இது கொஞ்சம் நீளமான கடிதம். முழுவதும் படி.

வியாழக்கிழமை வாண்டைக் காட்ட மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார். "நல்லா ஆயிட்டா, ஓடலாம், குதிக்கலாம்" என்றார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட மணி அடிக்கக் கையை நீட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. முன்பே மனதில் எழுதி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "வலி ஆரம்பிச்சது திங்கக்கிழமை சாயங்காலம்."

அவருக்குப் புரியவில்லை. "எந்த வலி?"

"முதல் வலி. புதன்கிழமை இல்லை. நான் தலையாட்டினது பொய்."

கையைக் கீழே வைத்தார். வாண்டு என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள், ஊசி போடும்போது நான் அவளுக்குச் செய்வதைப் போல.

"இதை இப்ப வந்து சொல்றியா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தாளை எடுத்து ஒரு வரியை அடித்து, மேலே திங்கள் என்று எழுதினார்.

நான் இரண்டாவது வாக்கியத்தையும் சொன்னேன். "கிழிச்சு செஞ்சிருந்தா சீழ் வந்திருக்காதா?"

"யார் சொன்னது?"

"ஒரு நர்ஸ்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது, களைப்பாக. "கிழிச்சு செஞ்சா வெளித் தையல்ல சீழ் பிடிக்கிறது அதிகம். துளை போட்டா அது கொறைவு. உள்ளே தங்கறது, வெடிச்ச குடல்வால்ல எப்படிச் செஞ்சாலும் வரலாம். எதுல அதிகம்னு நாங்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், பொண்ணே. ஆனா சீக்கிரம் வரணுங்கறதுல எங்களுக்குள்ள சண்டையே கிடையாது."

"நாள் தெரிஞ்சிருந்தா?"

"மருந்தை இன்னும் ரெண்டு மூணு நாள் ஏத்தியிருப்பேன். நாலாம் நாளே வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். அதனால சீழ் கட்டாம இருந்திருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா அனுப்பியிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். உன்னைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மாதமாக ஓட்டையா கிழிசலா என்று நீ என்னைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டாய். ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கிழமையைப் பார்க்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

நேற்று ஞாயிறு. தையல் கடைக்காரர் சாவியைக் கொடுத்து, யாரும் இல்லை, உட்கார்ந்து பேசு என்றார். அம்மா போன் செய்தாள்.

உன் கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சே. போன வாரமே வந்துச்சு."

என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். நீ எழுதியதை இப்போது எனக்குப் பதிலாக அம்மா சொல்லட்டும்:

"சின்னவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்புறதுதான் நல்லதுன்னு எழுதியிருக்கா. தங்கச்சி ரொம்பக் களைச்சுப் போயிட்டா, அவளுக்கும் ஓய்வு வேணும்னு எழுதியிருக்கா. உனக்காக எவ்வளவு யோசிக்கிறா பாரு."

"வேற?"

"வேலை நிரந்தரமாயிடுச்சாம்."

அக்கா, நீ ஒன்றுமே எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன் என்று என்னிடம் பொய் சொன்னதைக்கூட பயம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். பயம் எனக்குத் தெரியாததா? ஆனால் நான் இங்கே உன் கடிதத்தை நம்பிக் காத்திருந்த நாட்களில், நீ உட்கார்ந்து, யோசித்து, என் களைப்பைப் பற்றி நல்ல வார்த்தையாக நான்கு வரி எழுதி, வாண்டை அனுப்பிவிடு என்றும் எழுதியிருக்கிறாய். அவள் இங்கே என்னோடு இருந்தால் என்றாவது உன் பொய்யைப் பற்றிப் பேச்சு வரும், அங்கே போய்விட்டால் வராது என்றா? எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இருந்தால் சொல்லாதே.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய் போன், புதன் போன், நீ சொன்னது, டாக்டரிடம் நீ சொன்னது, நான் இரண்டு தடவை தலையாட்டியது, எல்லாம். உன் ஏப்ரல் ஆறாம் தேதிக் கடிதம் என் கையில் இருந்தது. அதைப் படித்துக் காட்டலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். படிக்கவில்லை. என் வாயாலேயே சொன்னேன். நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டது. அம்மா போனை வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். "இருங்கடி, எம்மக பேசுறா" என்று அவர்களை அதட்டினாள்.

முடித்ததும், "நீ ஏன் தலையாட்டுனே?" என்றாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்காக அல்ல என்று தெரிந்தது. உனக்காக. அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

வாண்டு எங்கும் போக வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். சித்தியிடம் அவளே பேசிக்கொள்கிறாளாம். உன்னிடம் என்ன பேசுவாள் என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

உன் மேல் கோபம் என்று எழுத நினைத்தேன். கோபம் என்றால் ஆறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது வேறு. கடையில் யாராவது என்னை ஏதாவது கேட்டால் நான் இப்போதும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், நீ நிற்கிறாயா என்று. பிறகுதான் ஞாபகம் வருகிறது, நீ நின்று என்ன சொல்வாய் என்று.

இனி எனக்காக யாரிடமும் பேசாதே. நல்லதாகக்கூட.

வாண்டு உனக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்றாள். "பெரியக்காவுக்கு நான் சொல்றதை நீயே எழுதிடு" என்றாள். முடியாது, நீயே எழுது என்று தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். ஒரு மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி, நான்காக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இதனோடு வைத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.